அமைதியான மலைச்சாலை யாருக்கு? சைக்கிள் பயணமும் காக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகளும்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டுமென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது இப்போது பழகிப்போன சங்கதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்துகொண்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000.

அந்த மலைகள் தாங்காது என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒரு வாசலைக் கொஞ்சம் சாத்தினால் வண்டிகள் வீட்டிலேயே நின்றுவிடாது. "அங்க பாஸ் கிடைக்கலைன்னா வேற எங்க போலாம்?" என்ற கேள்வி உடனே வரும். கொல்லிமலை, ஜவ்வாது மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சிறுமலை என்று கைப்பேசியே பதில் சொல்லும்.

இவையெல்லாம் நேற்றுவரை சைக்கிள் மணி சத்தம் கேட்கும் சாலைகள். காலையில் ஒரு பஸ், மதியம் ஒரு பஸ், நடுவில் ரேஷன் லாரி, பலாப்பழம் ஏற்றிய மினி வேன். மீதி நேரமெல்லாம் குருவிச் சத்தம். தமிழ்நாட்டில் சைக்கிளில் மலை ஏறுகிறவர்கள் தேடிப் போவது இந்தச் சாலைகளைத்தான். மலைவாழ் மக்கள் நடந்து போவதும், மாடு ஓட்டுவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இதே சாலையில்தான். இந்த அமைதியை எப்படிக் காப்பது என்று யோசிக்க இதுவே சரியான நேரம். கூட்டம் வந்து குடியேறிய பிறகு யோசித்தால், மறுபடியும் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருக்கும்.

எது அமைதியான சாலை?

மலைச்சாலை எல்லாமே அமைதியானது இல்லை. சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரு பக்கமும் புலிகள் காப்பகம். ஆனாலும் அது தேசிய நெடுஞ்சாலை. தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் இணைக்கும் சரக்கு வழி. வன விலங்குகள் அடிபட்டுச் சாவதால் அங்கே இரவுப் போக்குவரத்துக்கு நீதிமன்றமே தடை போட வேண்டியிருந்தது. பகலில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது வீரமாக இருக்கலாம், நிம்மதியாக இருக்காது.

ஒரு சாலை அமைதியாக இருக்க அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: அது இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே குறுக்கு வழியாக இருக்கக் கூடாது. அந்த மலையில் வேலை இருப்பவர்கள் மட்டுமே அந்த வழியில் வருவார்கள். பக்கத்திலேயே நல்ல நெடுஞ்சாலை ஓடினால் இன்னும் விசேஷம். அவசரக்காரர்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள்.

ஒரே மலையிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து நேராக ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாக் கூட்டம் முழுக்க அதில்தான். அதே மலைக்குக் கிழக்கே குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. சாதாரண நாட்களில் அதில் நெரிசல் குறைவு. ஊர் ஒன்று, மலை ஒன்று. பாதை மாறினால் பயணமே மாறுகிறது.

சரி, போகாமலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அடிவாரத்து டீக்கடையில் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் இருக்கிறது. 2017 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்த வரைபடத்தில், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் இருக்கும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் மிதமான ஏற்றம்.

வளைவு அதிகம் என்றால் ஏற்றமும் அதிகமா?

"எழுபது வளைவாம், நம்மால முடியாதுப்பா" என்று கொல்லிமலையைப் பற்றிப் பலரும் சொல்வதுண்டு. உண்மை நேர்மாறானது. ஏற்றத்தைக் குறைக்கத்தான் வளைவு போடுகிறார்கள். நேராக ஏறினால் செங்குத்தாக இருக்கும் மலையில், சாலையை இழுத்து இழுத்து நீட்டி, மடித்து மடித்துப் போட்டால் சரிவு மிதமாகும். மடிக்கிற இடம்தான் கொண்டை ஊசி வளைவு.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. 100 மீட்டர் தூரம் போகும்போது 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 சதவீத ஏற்றம். மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிமுறை, சாதாரணமாக 5 முதல் 6 சதவீதத்துக்குள் ஏற்றம் இருக்க வேண்டும் என்கிறது. தவிர்க்கவே முடியாத இடங்களில் 7, 8 சதவீதம் வரை போகலாம். 5 சதவீதத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலைப்பாதைகள் நீளமாக இருப்பது இதனால்தான். பழைய பாதைகளும் கிராமக் கிளைச் சாலைகளும் எல்லா இடத்திலும் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை என்பதும் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வளைவுக்குள் அந்த விதிமுறை இன்னும் கறார். கொண்டை ஊசி வளைவில் ஏற்றம் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேகம் மணிக்கு வெறும் 20 கிலோமீட்டர். சைக்கிள்காரருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: முறையாகப் போட்ட சாலையில் வளைவு என்பது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். வளைவின் உள்பக்கம் செங்குத்தாகவும் வெளிப்பக்கம் மிதமாகவும் இருக்கும். இடதுபுறம் ஓட்டும் நம் ஊரில், மேலே ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு சைக்கிளுக்கு வெளிப்பக்கம், ஆகவே சுலபம். இடப்பக்கம் திரும்பும் வளைவு கால் வலிக்கும். வலிக்கிறதே என்று வலது ஓரத்துக்கு ஒதுங்கினால் மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு நேர் எதிரே நிற்க வேண்டியதுதான்.

சாதாரண சைக்கிளில் ஏற முடியுமா?

ஏறலாம், தள்ளிக்கொண்டும் ஏறலாம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால், கியர் சைக்கிள் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

ஒற்றை கியர் சைக்கிள் ஒன்றில் செயின் வீலில் 44 பல்லும் பின்னால் ஃப்ரீவீலில் 18 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம். சமதளத்தில் இது சுகமான வேகம். 6 சதவீத ஏற்றத்திலோ, அதே வேகத்துக்கு ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால் கிட்டத்தட்ட 300 வாட் சக்தி வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவரால் சில நிமிடங்களுக்கு மேல் இதைக் கொடுக்க முடியாது. மெதுவாக மிதித்தால் சக்தி குறைவாகப் போதும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் முழு பாரத்தையும் வாங்கும்.

கியர் சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் என்று மாற்றிக்கொள்ள முடிந்தால், ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2 மீட்டர்தான் நகரும். அதே 60 சுற்றுக்கு வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் கீழே. தேவைப்படும் சக்தி 100 முதல் 120 வாட். நடுத்தர வயதில் உள்ள, உடம்பு சரியாக இருக்கும் ஒருவர் பழகினால் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய அளவு இது. மலை அதேதான், வேலையும் மொத்தத்தில் அதேதான். சின்னச் சின்னத் தவணையாகக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

மொத்த வேலையையும் கணக்குப் போடலாம். 80 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, உடம்பின் செயல்திறனையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 800 கிலோ கலோரி செலவாகும். ரெண்டு இட்லியோடு கிளம்பினால் பாதி மலையில் கண் இருட்டும். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புக் கரைத்த எலுமிச்சைத் தண்ணீர் ஆகியவற்றைச் சட்டைப் பையிலும் பாட்டிலிலும் வைத்துக்கொள்வது நல்லது. பல மலைகளில் நடுவழியில் கடையே கிடையாது.

எந்தெந்த மலைகள்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பகுதி தனித்தனிக் குன்றுக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. இதுவே சைக்கிளுக்கு வசதி. ஒவ்வொன்றும் ஒரு நாளில் ஏறி இறங்கக்கூடிய அளவு. மேலே போனதும் மேடு பள்ளமாக விரியும் வயல்களும் சிறு கிராமங்களும் இருக்கும்.

கொல்லிமலை: நாமக்கல் மாவட்டம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி. சாமை, தினை, கேழ்வரகு இன்னும் விளையும் மண். மலையின் வடக்கே முள்ளுக்குறிச்சி பக்கமும் பாதை உண்டு என்பதால், வந்த வழியே திரும்பாமல் சுற்றி இறங்க முடியும்.

ஜவ்வாது மலை: திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்குவது ஒரு முழு நாள் பயணம். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதை நிறுவப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்புவின் பெயராலேயே ஆய்வகம் அழைக்கப்படுகிறது. வானம் இருட்டாக இருப்பதுதான் அங்கே சொத்து. வண்டி வெளிச்சமும் விடுதி வெளிச்சமும் பெருகினால் அந்தச் சொத்து கரையும்.

ஏலகிரி: 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மலையேறிப் பழகுவதற்கு ஏற்ற அளவு. ஆனால், சென்னை–பெங்களூரு வழிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சனி, ஞாயிறுகளில் அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போனால் அது வேறு ஏலகிரி.

பச்சைமலை: துறையூர் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் பாதை. மரவள்ளிக்கிழங்கு வயல்களும் முந்திரித் தோப்புகளும் வழி நெடுக இருக்கும்.

கல்வராயன் மலை: கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியது. ஒரு பக்கம் வெள்ளிமலை, இன்னொரு பக்கம் கருமந்துறை. ஏறிய பிறகும் சாலை ஏறி இறங்கிக்கொண்டே போகும். "மேல வந்தாச்சு" என்று நினைத்து மிச்சத் தண்ணீரையும் குடித்துவிடக் கூடாது.

சிறுமலையும் தாண்டிக்குடியும்: இரண்டும் திண்டுக்கல் மாவட்டம். சிறுமலைக்கு 18 வளைவுகள். புவிசார் குறியீடு பெற்ற மலை வாழைப்பழத்தின் ஊர். தாண்டிக்குடி, கீழ்ப் பழனி மலையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் பகுதி. அய்யம்பாளையம் பக்கமிருந்து பெரும்பாறை வழியாக ஏறும் சாலை, வத்தலக்குண்டு–கொடைக்கானல் பிரதான சாலையின் நெரிசலிலிருந்து தப்பிக்க விரும்புகிறவர்களுக்கு வரப்பிரசாதம். காட்டெருமை நடமாட்டம் உண்டு. எதிரே நின்றால் நாமும் நின்றுவிட வேண்டும், மணி அடிக்கக் கூடாது.

யானை வழித்தடங்கள் உள்ள சாலைகள் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. கெத்தை, மஞ்சூர் பாதை போன்றவை அழகில் குறைந்தவை அல்ல. ஆனால், சத்தமே இல்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிள், யானைக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. எந்தக் காட்டுச் சாலையிலும் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் சைக்கிள் வேண்டாம். சோதனைச் சாவடியில் "இப்ப போகாதீங்க" என்று சொன்னால் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மண் சரியும், பாசி வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மேலே குளிர்ந்தாலும் அடிவாரம் அனலாகக் கொதிக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து

மலை ஏறியவரைக் களைப்பு காப்பாற்றும். வேகமாகப் போகவே முடியாது. இறக்கத்தில் அந்தக் காவல் இல்லை. 1,000 மீட்டர் ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை பிரேக் கட்டைகளும் ரிம்மும்தான் சூடாக வாங்க வேண்டும். அந்த மொத்த ஆற்றல் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிப்பது இப்படித்தான்.

வளைவுக்கு முன்பே பிடித்து, வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, ஆறவிட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மழை பெய்திருந்தால் ரிம் பிரேக் உடனே பிடிக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறுவதற்கு முன்பே அடிவாரத்துக் கடையில் பிரேக் கட்டையையும் கேபிளையும் பார்த்துவிட்டால் இறங்கும்போது சாமியை அழைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

3.75 மீட்டருக்குள் நடக்கும் கணக்கு

இனி அசல் பிரச்சினைக்கு வரலாம். மலைக் கிராமங்களுக்குப் போகும் சாலைகளில் பல ஒருவழித் தடச் சாலைகள். அவற்றின் வழக்கமான தார்ச்சாலை அகலம் 3.75 மீட்டர். பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். மிச்சம் ஒன்றேகால் மீட்டர். இதில் சைக்கிளின் ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

சைக்கிளை முந்தும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்கு வெளியே 2 மீட்டர். நம் மலைச்சாலையில் இந்த இடைவெளி பௌதிக ரீதியாகவே சாத்தியமில்லை. எனவே ஒரே வழிதான்: யாராவது ஒருவர் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும். யார் என்பதற்கும் விதி இருக்கிறது. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. நம் ஊர் பஸ் டிரைவர்கள் இதைப் பெரும்பாலும் மதிப்பவர்கள். தெரியாமல் விழிப்பது வார இறுதியில் சமவெளியிலிருந்து வரும் கார்களும், வளைவில் சாய்ந்து வீடியோ எடுக்கும் பைக்குகளும்தான்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார், ஓட்டுநர் பார்த்து, பிரேக் மிதித்து, நிற்பதற்குச் சுமார் 14 மீட்டர் ஆகும். 50 கிலோமீட்டரில் அதுவே 30 மீட்டர். இது சமதளக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் கூடும். வளைவில் எதிரே தெரியும் தூரம் 20 மீட்டர்தான் என்றால், 30-ல் வந்தவர் நின்றுவிடுவார்; 50-ல் வந்தவர் மோதிவிடுவார். மோதும் ஆற்றலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

'ரோட்டை அகலமாக்கினால் தீர்ந்துவிடுமே?'

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மலையில் வாழ்பவர்கள் சாலைக்காகப் பல தலைமுறை காத்திருந்தவர்கள். பிரசவ வலி வந்தவரைத் தூளி கட்டித் தூக்கி இறக்கிய கதை பல மலைக் கிராமங்களில் இன்றும் பழங்கதை ஆகவில்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை என்றால், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தாலே போதும் என்று வைத்தது இந்த நியாயத்தால்தான். "டவுன்ல இருந்து சைக்கிள்ல வர்றவங்களுக்கு அமைதி வேணும்ங்கறதுக்காக எங்களுக்கு ரோடு வேண்டாமா?" என்று ஒரு மலைவாசி கேட்டால் அதில் தவறே இல்லை.

ஆனால், சாலை வேண்டும் என்பதும் அகலமான சாலை வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஆம்புலன்ஸுக்கும் பஸ்ஸுக்கும் தேவை குழி இல்லாத தார்ச்சாலை, ஒதுங்க இடம், மண் சரியாத தடுப்புச் சுவர், வடிகால். இரண்டு கார்கள் வேகம் குறைக்காமல் கடக்கும் அகலம் தேவைப்படுவது சுற்றுலா வண்டிக்கு. அந்த அகலத்துக்காக மலையின் உள்பக்கத்தை வெட்டினால், அடுத்த மழைக்கு அங்கேதான் மண் சரியும். அப்போது பஸ்ஸும் நிற்கும், ஆம்புலன்ஸும் நிற்கும். அகலமான சாலையில் வண்டிகள் வேகமெடுக்கும் என்பதையும் ஓரமாக நடக்கும் கிராமத்துப் பிள்ளைகளை வைத்தே பார்க்க வேண்டும்.

சைக்கிளும் டவுன்காரர் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது உலகமே பேசிய சம்பவம். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பிறகு அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை ஓட்டப் பாதுகாப்பான சாலையையும் கொடுக்க வேண்டாமா? லட்ச ரூபாய் சைக்கிளில் வருகிறவருக்கும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவருக்கும் தேவை ஒன்றுதான்: பின்னால் வரும் வண்டி மெதுவாக வர வேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பெரிய செலவில்லாத வழிகள் பல இருக்கின்றன. இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், கிராமத்துச் சின்னச் சாலைகளை 'அமைதிச் சாலை' என்று அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. ஜெர்சி தீவில் 'பசுமைச் சாலை' என்று அறிவித்த தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அங்கே முன்னுரிமை.

பிரான்ஸின் புகழ்பெற்ற மலைப்பாதைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல் அல்லது பலகை இருக்கும். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது என்ன உயரம், அடுத்த ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி ஏற்றம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். கோடையில் சில நாட்கள் காலை நேரத்தில் அங்கே சில பாதைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மட்டும் திறக்கிறார்கள். இத்தாலியின் டோலமைட் மலையிலும் இப்படி நாள் உண்டு.

பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் 1995-ல் இன்னொரு வழி கண்டது. சுரங்கங்களில் சந்திப்புகளுக்கு எண் போடும் வழக்கத்தைப் பார்த்து, கிராமச் சாலைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். '12-லிருந்து 27, அங்கிருந்து 31' என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு யார் வேண்டுமானாலும் சின்னச் சாலைகளிலேயே நாள் முழுக்கப் போகலாம். வழி தெரியாமல் நெடுஞ்சாலைக்கு வர வேண்டியதில்லை. வருகிறவர்களின் காசும் ஒரே ஊரில் குவியாமல் பல கிராமங்களுக்குப் பிரியும்.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்?

முதலில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒருவழித் தடச் சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு அறிவிக்க வேண்டும். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30-ஐ வலியுறுத்தும் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் உலக நாடுகள் கூடி எடுத்த முடிவு. வளைவுக்கான வடிவமைப்பு வேகமே 20 என்னும்போது இது கெடுபிடி ஆகாது.

இரண்டாவது, அடிவாரத்திலேயே தமிழில் பெரிய பலகை: 'ஏறும் வண்டிக்கு வழிவிடுக', 'நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை'. வளைவுகளுக்கு எண் பலகை வைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே பலகையில் உயரத்தையும் அடுத்த கிலோமீட்டரின் ஏற்றத்தையும் சேர்த்து எழுதப் பெயின்ட் செலவுதான்.

மூன்றாவது, அகலப்படுத்தும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுங்குமிடங்களுக்கும் வடிகாலுக்கும் குவி கண்ணாடிகளுக்கும் திருப்ப வேண்டும். நான்காவது, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடுதல் அரசுப் பேருந்துகள் வேண்டும். பத்து கார் வரும் இடத்தில் ஒரு பஸ் போதும். ஐந்தாவது, மாதம் ஒரு ஞாயிறு காலை, ஒரு மலையில் வெளியூர் வாகனங்களுக்கு மட்டும் சில மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். பஸ், ஆம்புலன்ஸ், உள்ளூர் வண்டிகளுக்குத் தடை கூடாது. இதை ஊராட்சியும் கிராம சபையும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சென்னையிலிருந்து அரசாணையாக இறங்கக் கூடாது.

மலைச்சாலை ஒரு பகுதி நெடுஞ்சாலைத் துறையிடம், ஒரு பகுதி ஊரக வளர்ச்சித் துறையிடம், ஒரு பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. மூன்று துறையும் ஒரே மேசையில் உட்காராமல் இதில் எதுவும் நடக்காது.

சைக்கிள்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு

இருபது பேர் கூட்டமாகச் சாலையை அடைத்துக்கொண்டு ஏறினால் அதுவும் நெரிசல்தான். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போகலாம். பின்னால் பஸ் வந்தால் கெத்துக் காட்டாமல் ஒதுங்கி நிற்கலாம். அந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருக்கலாம். ஜெல் பாக்கெட் உறையைச் சாலையோரம் வீசக் கூடாது. வீட்டு வாசலில் நிற்பவர்களை, குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டையும் தண்ணீரையும் முழுக்க டவுனிலிருந்தே கட்டிக்கொண்டு போய், மேலே ஒரு ரூபாய் செலவழிக்காமல் இறங்கிவிடுவது நியாயமில்லை. வழியில் கடை இருந்தால் அங்கே டீ குடிக்கலாம், சாமைச் சோறு கிடைத்தால் சாப்பிடலாம், பழம் வாங்கலாம். மெதுவாக வருகிறவர்களால் ஊருக்கு லாபம் என்று தெரிந்தால்தான், மெதுவான சாலையைக் காக்க ஊரும் முன்வரும்.

ஊட்டியும் கொடைக்கானலும் ஒரு நாளில் நெரிசலாகிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம் அகலம், கொஞ்சம் விடுதி, கொஞ்சம் பார்க்கிங்' என்று சேர்ந்து சேர்ந்துதான் கடைசியில் வாசலில் ஆள் நிறுத்தி எண்ண வேண்டிய நிலை வந்தது. கொல்லிமலைக்கும் ஜவ்வாதுக்கும் பச்சைமலைக்கும் இன்னும் அந்த நிலை வரவில்லை. அங்கே ஒரு பலகையும் ஒரு வேக வரம்பும் கூடுதலாக இரண்டு பஸ்ஸும் இன்று போதும். பத்து வருஷம் கழித்து இதே வேலைக்கு இ-பாஸும் வழக்கும் தேவைப்படும்.